இரண்டு மேசை அதிகாரி

அவரை ஊரில் எல்லோரும் டேப்பு என்றுதான் சொல்வார்கள். விதிமீறல் பார்க்கிற அதிகாரி; இடுப்பில் எந்நேரமும் அளவு டேப்பு தொங்கும். ஊர் என்று ஒருமையில் சொல்வதும் தப்பு. பாவம், அவருக்கு வாய்த்தது இரண்டு ஊர். ஒரே தெருவுக்கு இந்தப் பக்கம் கிழக்கு நகராட்சி, அந்தப் பக்கம் மேற்கு நகராட்சி. தனித்தனியாக ஓர் அதிகாரி வைத்துக்கொள்ள இரண்டுக்குமே வக்கில்லை, கௌரவத்துக்கு மட்டும் குறைச்சல் இல்லை. ஆகவே கூடிப் பேசி, குப்பை வண்டி ஒன்று, நாய் பிடிக்கிற வண்டி ஒன்று, இடிக்கிற ஆட்கள் ஒரு கூட்டம், அதிகாரி ஒருவர் என்று பொதுவில் வைத்துக்கொண்டன. திங்கள், புதன், வெள்ளி கிழக்குக்கு. செவ்வாய், வியாழன், சனி மேற்குக்கு.

ஒரே அறை, இரண்டு மேசை. ஒரு நாளில் ஒரு மேசையில்தான் உட்காரலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டார்கள், அவ்வளவு நம்பிக்கை ஒருவர் மேல் ஒருவருக்கு. கிழக்கு மேசை மேற்கு மேசைக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கடிதம் எழுத வேண்டும். தபால் பிரிவு அம்மா அதில் முத்திரை குத்தி, பதிவேட்டில் ஏற்றி, நாலு எட்டு நடந்து அடுத்த மேசையில் வைப்பார். மறுநாள் டேப்பு அதைப் பிரித்து, முதல்முறை பார்ப்பது போல் படிப்பார். சிரிக்காதீர்கள், ஆறு வருஷமாக இது ஒழுங்காகத்தான் ஓடியது.

ஒரு திங்கட்கிழமை அந்தப் புகார் வந்தது. எல்லைத் தெருவில் கிழக்குப் பக்கத்து வீடு ஒன்றின் வாசலில் சிமெண்டுச் சாய்தளம் கட்டித் தெருவை அடைத்திருக்கிறார்களாம். எழுதியவர் எதிர்வீட்டுக் கார்க்காரர். அத்தனை நாளும் அந்த வாசலில்தான் தன் காரை நிறுத்திக்கொண்டிருந்தார், அதை மட்டும் எழுதவில்லை. டேப்பு விலாசத்தைப் பார்த்தார். அது அவருடைய சொந்த அக்கா வீடு.

அத்தான் பஸ் டிரைவராக இருந்தவர். சர்க்கரை வியாதியில் ஒரு கால் போய்விட்டது. எட்டு மாதம் படுக்கையில் கிடந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காதான் கொத்தனாரைப் பிடித்துச் சாய்தளத்தைக் கட்டினாள். அதன்பிறகு மனிதர் தினமும் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு முனையிலுள்ள முடிதிருத்தும் கடைக்குப் போய், பேப்பர் படித்து, நாலு பேரோடு சண்டை போட்டுவிட்டு முகமெல்லாம் தெளிவாக வீடு திரும்புகிறார். அந்தச் சாய்தளம் போனால் மறுபடியும் மின்விசிறிதான்.

விதி அப்படியொன்றும் கொடுமையானது அல்ல. நடக்க முடியாதவருக்காகக் கட்டியது என்றால் விட்டுவிடலாம். எல்லைத் தெரு என்பதால் மேற்கு நகராட்சி மட்டும் பதினாலு நாளுக்குள் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர வேண்டும். தராவிட்டால் இடிக்க வேண்டும். டேப்பு அன்றே மேற்குக்குக் கடிதம் எழுதினார். மறுநாள் மேற்கு மேசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டிருந்தால் கதை முடிந்தது.

போட்டாரா? பேனாவைத் திறந்தார், மூடினார். உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியுமா? அக்காவுக்கு ஒரு நியாயம், அடுத்தவனுக்கு ஒரு நியாயம் என்று இரண்டு ஊரும் மெல்லும். எனவே தான் எவ்வளவு கறாரானவர் என்று கோப்பில் தெரியட்டும் என்று, 'சாய்வின் அளவு என்ன?' என்று கிழக்கைக் கேட்டார். புதன்கிழமை கிழக்கு மேசையிலிருந்து போய் அளந்து, பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி என்று பதில் எழுதினார். வியாழக்கிழமை, 'கைப்பிடி உண்டா?' வெள்ளிக்கிழமை, 'உண்டு.' சனிக்கிழமை, 'மழைத் தண்ணீர் எங்கே போகும்?'

திங்கட்கிழமை அந்தக் கேள்வியைப் படித்தபோது அவருக்கே பற்றிக்கொண்டு வந்தது. 'கீழே போகும்' என்று எழுதி அனுப்பினார். செவ்வாய்க்கிழமை அதைப் படித்து முகம் சிவந்து, 'தங்கள் பதிலில் மரியாதை குறைகிறது' என்று எழுதினார். புதன்கிழமை வருத்தம் தெரிவித்தார். வியாழக்கிழமை மன்னித்தார்.

இதற்கிடையில் அக்கா ஒரு தரம் போன் பண்ணினாள். "ஆபீஸ் விஷயம் வீட்டுல பேசக் கூடாதுக்கா" என்று வைத்துவிட்டார். அந்தப் பக்கம் போவதையும் நிறுத்திவிட்டார். அளக்கப் போனபோதுகூட அக்கா நீட்டிய தண்ணீரை வாங்கவில்லை.

அந்த வாரச் சனிக்கிழமை எல்லாம் திருப்தி என்று எழுதி, சும்மா ஒரு கெத்துக்காக, 'கைப்பிடிக்கு என்ன வண்ணம்?' என்று ஒரு கேள்வியைச் சேர்த்தார். திங்கட்கிழமை காலை, 'நீலம்' என்று பதில் எழுதிவிட்டு நாட்காட்டியைப் பார்த்தார். அன்றுதான் பதினாலாம் நாள். மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது. கையெழுத்துப் போட வேண்டியவர் மேற்கு அதிகாரி. மேற்கு அதிகாரி செவ்வாய்க்கிழமைதான் வருவார். இப்படித் தன்னைத் தானே ஏமாற்றிக்கொண்ட ஆளை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

நாலரை மணிக்கு அக்கா வந்துவிட்டாள். இரண்டு மேசைக்கும் நடுவில் நின்றாள்.

"நான் எந்த மேசைக்கு முன்னால நிக்கணும்? சொல்லு, அங்க போய் நிக்கிறேன்."

"அக்கா, உக்காரு முதல்ல."

"உக்கார வரல. இடிக்கிற ஆளுங்க காலையில வந்து பாத்துட்டுப் போனாங்க. புதன்கிழமை வர்றாங்களாம். உங்க அத்தான் நாற்காலியைத் தள்ளி ஓரமா வைக்கச் சொல்லிட்டு, போய்ப் படுத்துட்டாரு."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள், இங்கே அடிக்கிற கையும் டேப்புவுடையதாகவே இருந்தது. எழுந்தார். தபால் பிரிவு அம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"சார், இன்னைக்குத் திங்கட்கிழமை. அந்த மேசைக்குப் போகக் கூடாது."

"போனா என்ன ஆகும்மா?"

"ஒப்பந்த மீறல். கிழக்கு அதிகாரி மேற்கு அதிகாரி மேல அறிக்கை எழுதணும். ரெண்டு நகராட்சிக்கும் போகும். அறிவிப்புப் பலகையில ஒட்டுவாங்க."

அதாவது, எந்தப் பேச்சு வரக்கூடாது என்று பதினாலு நாள் ஓடினாரோ, அது பலகையிலேயே ஏறும். டேப்பு நாலு எட்டு நடந்தார். மேற்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். மணி நாலு ஐம்பது. அந்த அம்மா முத்திரை குத்தினார், பதிவேட்டில் ஏற்றினார், கொண்டுபோய்க் கிழக்கு மேசையில் வைத்தார். அவசரத்திலும் ஒரு படி குறையவில்லை.

டேப்பு திரும்பி வந்து கிழக்கு நாற்காலியில் உட்கார்ந்து, தன் மேல் தானே அறிக்கை எழுதத் தொடங்கினார். பெயர், பதவி, குற்றம், நேரம் எல்லாம் கடகடவென்று வந்தது. காரணம் என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. வேலைப் பளு என்று எழுதலாம். நாள் குழப்பம் என்று எழுதலாம். ரொம்ப நேரம் யோசித்து இப்படி எழுதினார்: 'சாய்தளம் முதல் நாளிலிருந்தே விதிப்படி சரியாக இருந்தது. வேறு யாருடையதாக இருந்தாலும் அன்றே கையெழுத்திட்டிருப்பேன். இவர் என் அத்தான் என்பதால் தாமதித்தேன்.'

தபால் பிரிவு அம்மா படித்துவிட்டு அக்காவிடம் கொடுத்தார். விதிப்படி கொடுக்கக் கூடாதுதான். அக்கா அதை எழுத்துக் கூட்டுவது போல் மெதுவாகப் படித்தாள்.

"இதை முதல் நாளே எழுதித் தொலைச்சிருக்கலாமே."

"எழுதியிருந்தா நான் உன் தம்பின்னு ஊருக்கெல்லாம் தெரிஞ்சு போயிருக்கும்க்கா."

"ஊருக்குத் தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகுது" என்றாள் அக்கா. "பதினாலு நாளா எனக்குத்தான் தெரியாமப் போச்சு."