மெயிலுக்கு அடியில் நாலு வரி

எழவு ஊட்டுக்காரங்க பதினாறு நாளைக்கு யாரையும் "வாங்க"ன்னு கூப்பிடக் கூடாது. துக்கம் கேக்க வந்தவங்களும் "போய்ட்டு வாரேன்"னு சொல்லாமத்தான் எந்திரிச்சுப் போவாங்க. கொல்லிமலையில பொறந்து வளர்ந்த கோகிலவாணிக்கு இதை யாராச்சும் சொல்லித் தரணுமா என்ன? புருசன் கதிரேசன் செத்த பதினாறு நாளும் வாயைக் கட்டிக்கிட்டுத்தான் கெடந்தா. ஆனா மெயில்னு ஒண்ணு இருக்கே, பாழாப்போன மெயில், அதை மறந்துட்டா.

வாசலூர்பட்டி ஏரிக்கு மேல ரெண்டு ரூம் கட்டி, படகுல போக வர்ற சனங்களுக்கு வாடகைக்கு விட்டுக்கிட்டிருந்தாங்க. ரூம் கேட்டு வர்ற மெயிலுக்குப் பதில் போடறது கதிரேசன். ஒவ்வொரு பதிலுக்கும் அடியில தானா வந்து ஒட்டிக்கிற மாதிரி நாலு வரி எழுதி வெச்சிருந்தான்: "ஏரிக் காத்து, மிளகு ரசம், சுடச்சுட களி. வழி தெரியலைன்னா என்னைக் கூப்பிடுங்க. எப்ப வேணா வாங்க, காத்துக்கிட்டிருக்கோம். கதிரேசன்." கீழ அவன் போன் நம்பர். இதை விடச் சல்லிசா விளம்பரம் உண்டான்னு பீத்திக்குவான்.

ஒரு சனிக்கிழமை அடிவாரத்துல இருந்து பைக்குல ஏறி வந்தவன், இருபத்தி மூணாவது கொண்டை ஊசி வளைவுல லாரியில மாட்டிக்கிட்டான். சனிப் பொணம் தனிப் போகாதும்பாங்க. கூட ஒரு உசுரைத் தேடுமாம். அதுக்காகப் பாடையில ஒரு கோழியைக் கட்டி அனுப்பறது வழக்கம். அவசர அவசரமா கீழயே அடக்கம் பண்ணினதுல கோழி யாருக்கும் ஞாபகம் வரல.

அஞ்சாம் நாளே ரூம் கேட்டு மெயில் வந்துச்சு. ஏழு வயசுப் பொண்ணு கவிதாவை வெச்சுக்கிட்டு எத்தனை நாளைக்கு அழுதுக்கிட்டிருக்க முடியும்? அவன் மெயில்ல இருந்தே கோகிலவாணி பதில் போட்டா. அடியில அந்த நாலு வரியும் போச்சு. அடுத்தடுத்த பதில்லயும் போச்சு.

மூணு மாசம் கழிச்சு ஈரோட்டுல இருந்து ஒரு தம்பதி வந்து எறங்கினாங்க. சார் போன்ல அருமையா வழி சொன்னாருங்க, முப்பத்தி ஒண்ணாவது வளைவுல நிறுத்தி இஞ்சினை ஆற விடச் சொன்னாருன்னாங்க. எந்த சார்னு கேட்டதுக்கு நம்பரைக் காட்டினாங்க. லாரிச் சக்கரத்துல நசுங்கின அந்தப் போன், பேட்டரிகூட இல்லாம, பீரோவுல பிளாஸ்டிக் பையில கெடக்குது. கோகிலவாணி பீரோவைத் தொறந்து அந்தப் பையைத் தொட்டுப் பாத்தா. பயம் பாதின்னா சந்தோசம் பாதி. என்ன பொம்பளை இவன்னு திட்டாதீங்க, ஒரு குரலுக்கு ஏங்கிக் கெடந்தவங்களுக்குத்தான் அது தெரியும்.

அடுத்து வந்தவங்களை அம்பத்தி ரெண்டாவது வளைவுல நிறுத்தச் சொல்லியிருந்தான். அங்கிருந்து வண்டி என்னமோ கனமா இழுத்துச்சுன்னு டிரைவர் சொன்னான்.

செம்மேட்டு ஆசுபத்திரி நர்சு மெர்சி மலைக்குக் கீழ இருந்து வந்த கீழ்நாட்டுக்காரி, கோகிலவாணிக்குச் சினேகிதி. விசயத்தைக் கேட்டதும் சிலுவை போட்டுக்கிட்டு, முதல்ல அந்த நாலு வரியை அழிங்க அக்கான்னா. கோகிலவாணிக்கு வந்துச்சே கோவம். மனுசனே போயாச்சு, மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான், அதையும் அழிக்கணுமான்னு கேட்டா. ஆனா அந்த நம்பரைக் கூப்பிட்டுப் பாக்கற தைரியம் மட்டும் கோகிலவாணிக்கு வரவே இல்ல.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணி. ஏரி தெரியாத அளவுக்குப் பனி மூட்டம். வந்துக்கிட்டிருந்த விருந்தாளி ஒருத்தர் ஊட்டு நம்பருக்கு அடிச்சாரு. "எழுபதாவது வளைவைத் தாண்டிட்டோம்மா. சார் ஒண்ணு சொல்லச் சொன்னாரு. பாப்பாவை வாசல்ல நிக்கச் சொல்லணுமாம்."

வளைவு வளைவா அவன் ஏறி வந்தது யாருக்குன்னு கோகிலவாணிக்கு அப்பத்தான் உறைச்சுது. அந்த நாலு வரியையும் தேடிப் புடிச்சு அழிச்சா. அழிச்ச கையோட அவன் நம்பரை அழுத்தினா. ரெண்டாவது மணியிலயே எடுத்துட்டான்.

"சொல்லு கோகிலா." அதே குரல். பின்னாடி வண்டி உறுமற சத்தம்.

"ஏனுங்க, வராதீங்க. பாப்பாவை உங்களுக்குத் துணைக்கு அனுப்ப மாட்டேன்."

"எத்தனை மெயில்ல வாங்கன்னு கூப்பிட்டே கண்ணு."

"அது நீங்க எழுதுனது. என் வாயால நான் கூப்பிடல, கூப்பிடவும் மாட்டேன். போயிருங்க."

கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து அவனைப் பாத்து அவ சொல்லாத வார்த்தை. சொல்லிப்புட்டுத் தேம்பித் தேம்பி அழுதா.

"ஊட்டு ஆளுங்க வாயால கூப்பிடாம நான் உள்ள வர முடியாது கோகிலா," ன்னான் கடைசியா. போன் நின்னுருச்சு.

தப்பிச்சோம்டா சாமின்னு முந்தானையில மொகத்தைத் தொடைச்சுக்கிட்டு வெளிய வந்தா. கார் வந்து நின்னிருந்துச்சு. முன் சீட்டுல இருந்து விருந்தாளியும் அவர் சம்சாரமும் எறங்கிச் சோம்பல் முறிச்சுக்கிட்டிருந்தாங்க. பின் சீட்டுல யாரும் இல்ல. கதவு மட்டும் மெல்லத் தொறந்துச்சு.

பள்ளிக்கூடத்துல இருந்து அப்பத்தான் வந்த கவிதா, பையைக்கூட எறக்காம வாசல் கேட்டுக்குப் பக்கத்துல நின்னிருந்தா. அந்தக் கதவையே பாத்தவ மொகமெல்லாம் சிரிப்பா ரெண்டு கையையும் நீட்டினா.

"வாங்கப்பா."