நெற்றிக்கு ஏறிய மாஸ்க்

திருப்பூர் நீச்சல் குளத்தில் ஸ்கூபா வகுப்பு. தண்ணீருக்கு மேலே வந்ததும் மாஸ்க்கை நெற்றிக்கு ஏற்றினேன். பயிற்சியாளர் பதறி நீந்தி வந்தார்.

"மாஸ்க் நெத்தியில இருந்தா ஆபத்துன்னு அர்த்தங்க. கழுத்துக்கு எறக்குங்க."

"எனக்கு ஒண்ணுமில்லீங்க. பனியன் கம்பெனில துணி செக்கிங் டேபிள்ல மூக்குக் கண்ணாடிய இப்படித்தான் ஏத்தி வெப்பேன். ஆபத்துன்னா கத்தறேன், வாய் இருக்குதல்ல?"

"ரூல்ஸுங்க!"

"எறக்க மாட்டேனுங்க."

எல்லோரும் என் நெற்றியையே பார்த்தார்கள். அவர்களுக்குப் பின்னால், மாஸ்க்கை ஒழுங்காகக் கழுத்தில் போட்டிருந்த பனியன் வியாபாரி ராஜா முகமது, மிதவைச் சட்டையில் காற்றேற்ற மறந்து மூழ்கிக்கொண்டிருந்தார். நான்தான் பாய்ந்து போய், அவர் மிதவைச் சட்டையின் காற்றுப் பட்டனை அழுத்தி அதை ஊதவைத்து, கரைக்கு இழுத்து வந்தேன்.

மாஸ்க் இன்னும் நெற்றியில்தான் இருந்தது.

"என் நெத்தியப் பாத்தீங்க," என்றேன் பயிற்சியாளரிடம். "அவரு மூஞ்சியப் பாத்தீங்களா?"