சுழிக்குச் சொந்தக்காரி

பொற்கலையின் ஊறுகாய்ப் பெயர் பரிசீலனையில் இருந்தது. ஆகவே அந்த வாரம் வீட்டில் யாராலும் அதைச் சொல்ல முடியவில்லை.

பாட்டில்களில் ஒட்டியிருந்த தாள்களில் எலுமிச்சம்பழப் படம் அப்படியே இருந்தது. பெயர் இருந்த இடம் வெள்ளையாக இருந்தது. அண்ணி சொல்லிப் பார்த்தாள். வாய் திறந்தது, திறந்தபடியே நின்றது, கொஞ்ச நேரம் கழித்துத் தானாக மூடிக்கொண்டது.

“என்னடி இது, தாடை வலிக்குது.”

“விண்ணப்பம் போட்டா இப்படித்தான் அண்ணி.”

இப்படித்தானா என்று பொற்கலைக்கே நிச்சயமில்லை.

கதை சொல்கிற நமக்கு அந்தத் தடை இல்லை. பெயர், ‘இன்னொரு வாய்’. பந்தியில் போதும் போதும் என்று இலையை மறைப்பவரிடம் சொல்வோமே, அது. பொற்கலைக்குப் பெயர் வைத்தது அப்பா. வீட்டுக்கு அண்ணன் பெயர். நாய்க்குக்கூடப் பக்கத்து வீட்டுக்காரர்தான் பெயர் வைத்தார். பொற்கலை தானாக யோசித்து வைத்த பெயர் உலகத்தில் இது ஒன்றுதான். நாளைக்கு வேறு யாராவது இதே பெயரை ஒட்டி விற்றால் என்ன செய்வாய் என்று சிறுதொழில் மாலை வகுப்பில் வாத்தியார் கேட்டார். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள பிரௌசிங் சென்டரில்தான் வணிகச் சின்னப் பதிவுக்கு விண்ணப்பம் போட்டாள். அதை நடத்துகிறவர் இருதயராஜ். பொற்கலை எதையும் முறைப்படி செய்கிறவள். வகுப்பில் வாத்தியார் சொன்னதையெல்லாம் வரிசையாக எழுதிக்கொள்வாள். எழுதியது சரிதானா என்று பக்கத்துப் பெண்ணிடம் காட்டிச் சரிபார்ப்பாள். பக்கத்துப் பெண் எழுதியதே தன்னைப் பார்த்துத்தான் என்று தெரிந்த பிறகு கவலைப்படுவாள்.

பொருளின் வகையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது கணினி. பட்டியலைக் கீழே இழுத்தாள். குதிரைச் சேணம் வந்தது. இசைக் கருவி வந்தது. ஊறுகாய் வரவில்லை. இழுக்க இழுக்கப் பட்டியல் நீண்டது. பட்டியலோடு அறையும் நீண்டது. இருதயராஜின் மேசை தூரமாகப் போய்க்கொண்டே இருந்தது.

“கிடைச்சுதாம்மா?” அவர் வாயருகே கைகளைக் குவித்துக் கேட்டார்.

“கயிறு வரைக்கும் வந்திருக்கேன் அண்ணே.”

“இன்னும் இழு. போன மாசம் அப்பளத்துக்குன்னு போனவர் இன்னும் திரும்பலை.”

ஓடிபி சைக்கிளில் வந்தது. கொண்டுவந்தவர் மூச்சிரைக்க ஒவ்வோர் எண்ணாகச் சொன்னார். கடைசி எண்ணுக்கு வருவதற்குள் காலாவதியாகிவிட்டார். அவரைச் சுவரோரம் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அங்கே ஏற்கெனவே சிலர் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்து வந்தவர் நல்லவேளையாக வேகமாகப் பேசுகிறவர்.

பிறகு கணினி சின்னத்தின் படத்தைக் கேட்டது.

பொற்கலை அதை வீட்டிலேயே வெள்ளைத்தாளில் சிவப்பு மையால் எழுதிக் கொண்டுவந்திருந்தாள். எந்தத் தாளானாலும் அவள் கை முதலில் தலைப்பில் பிள்ளையார் சுழி போடும், அதற்கடியில் இரண்டு கோடு இழுக்கும், பிறகுதான் எழுதும். வாழ்க்கையில் ஒரே ஒருமுறை போட மறந்தாள். அது பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் தேர்வு. முடிவு என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. ஊறுகாய்ப் பெயரின் தலையிலும் சுழி இருந்தது. தன் மூக்கு தன் கண்ணுக்குத் தெரியாததுபோல அவளுக்கு அது தெரியவில்லை.

இருதயராஜ் சிலுவை போட்டு எழுதத் தொடங்குகிறவர். அவர் சுழியைப் படம் என்று நினைத்தார்.

“கட்டம் சின்னதும்மா. மேல்பக்கம் மட்டும்தான் நிக்குது.”

“மேல்பக்கம் போதுமா அண்ணே?”

“டிசைன் முழுசா விழுந்திருக்கு. பேரைத்தான் தனியா டைப் அடிச்சாச்சே.”

ஏதோ உறுத்தியது. ஆனால் பொற்கலைக்கு எல்லாமே உறுத்தும். அதனால் இந்த உறுத்தலை அவள் பொருட்படுத்தவில்லை.

புதன்கிழமை இரண்டு தாள்கள் வந்தன.

முதல் தாள் பெயரைப் பற்றியது. மக்கள் இச்சொல்லைச் சாப்பிடும்போது ஏற்கெனவே சொல்லிவருகிறார்கள் என்று அதில் ஆட்சேபம் இருந்தது. வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் விண்ணப்பதாரர் தம் கைப்பட பதில் எழுதித் தர வேண்டும். தராவிட்டால் பெயர் கைவிடப்பட்டதாகக் கருதப்படும்.

இரண்டாவது தாள் தடிமனாக இருந்தது. ஓரத்தில் தங்கநிற வேலைப்பாடு. நடுவில் பிள்ளையார் சுழி. உரிமையாளர்: பொற்கலை. பயன்பாடு தொடங்கிய நாள்: தொடக்கம்.

அண்ணி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

“பிள்ளையார் பிடிக்கக் குரங்காச்சுன்னு கேள்விப்பட்டிருக்கேன். குரங்கு பிடிக்கப் போயி பிள்ளையாரானதை இன்னைக்குத்தான் பாக்குறேன்.”

பொற்கலை இருதயராஜிடம் ஓடினாள். “கைவிட்டா என்ன அண்ணே ஆகும்?”

அவர் பேருந்து நிலையத்தைக் காட்டினார். நிழற்குடைக்குக் கீழே கைவிடப்பட்ட பெயர்கள் உட்கார்ந்திருந்தன. ஒரு சோப்பின் பெயர், ஒரு பனியனின் பெயர், சலூன் ஒன்றின் பெயர். யாரோ ஓர் ஆள் வந்து சோப்பின் பெயரைக் கையைப் பிடித்து எழுப்பி மதுரை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்று மாலையே பதில் எழுத உட்கார்ந்தாள். கை தாளின் தலைப்புக்குப் போனது. நின்றது. சுழி இப்போது பதிவான சின்னம். உரிமையாளரின் அனுமதியில்லாமல் யாரும் போடக் கூடாது. சுழி போடாமல் எழுதிப் பார்த்தாள். பேனாவில் மை இறங்கவில்லை.

வியாழக்கிழமை காலை கதவைத் தட்டினார்கள். அச்சகக்காரர் நின்றார். அவர் பின்னால் மளிகைச் சீட்டோடு ஓர் அம்மாள், அவருக்குப் பின்னால் பத்திரம் எழுதுகிறவர், அவருக்குப் பின்னால் தெரு.

“முகூர்த்த மாசம்மா” என்றார் அச்சகக்காரர். “பத்திரிகை எல்லாம் மொட்டையா நிக்குது. பொண்ணு வீட்டுக்காரங்க கடையிலயே பாய் விரிச்சுப் படுத்துட்டாங்க.”

“தாராளமா போட்டுக்குங்க அண்ணே.”

“வாய்ல சொன்னா ஆகாதாம். உரிமையாளர் கைநாட்டு வேணுமாம்.”

பொற்கலை கைநாட்டு வைத்தாள். நாளெல்லாம் வைத்தாள். மளிகைச் சீட்டில் வைத்தாள், கணக்குநோட்டில் வைத்தாள், ஒரு காதல் கடிதத்தில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு வைத்தாள். கட்டைவிரல் ஊதா நிறமானது. வரிசை குறையவில்லை. அண்ணி வாசலில் நாற்காலி போட்டு டோக்கன் கொடுக்கத் தொடங்கினாள். அண்ணிக்கு இவ்வளவு அதட்டத் தெரியும் என்று அதுவரை யாருக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமை மதியம்தான் பொற்கலைக்குத் தன் தாள் நினைவுக்கு வந்தது. அதை முன்னால் வைத்து, விரலை அழுத்தினாள். ஒன்றும் விழவில்லை. மறுபடி அழுத்தினாள். தாள் வெள்ளையாகவே இருந்தது.

அண்ணி சான்றிதழின் பின்பக்கத்தைப் படித்தாள். முதல்முறையாக ஒருவர் அதைப் படிக்கிறார்.

“அனுமதி கேக்குறவங்க வெளிய நிக்கணும். குடுக்குறவங்க உள்ள இருக்கணும். நீ உள்ள உக்காந்துகிட்டே கேட்டா எப்படி விழும்?”

“நான்தான அண்ணி ரெண்டும்?”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. போட்டிருக்கறதச் சொல்றேன். போய் வரிசையில வா.”

“வரிசையில முன்னால நின்னுக்கவா?”

“இந்தா டோக்கன்.”

பொற்கலை தாளை மடித்துக்கொண்டு வரிசையின் கடைசிக்கு நடந்தாள். வரிசை தெருமுனையைத் தாண்டியிருந்தது. மாவு அரைக்கும் மில்லையும் தாண்டியிருந்தது. அவள் நடக்க நடக்க அதுவும் கூடவே நடந்தது. கடைசி ஆளை எட்டிப் பிடித்தபோது பேருந்து நிலையம் கண்ணுக்குத் தெரிந்தது.

வரிசை நகரவில்லை. வெயில் தணியத் தொடங்கியது. தன் பின்னால் வந்து நின்ற பெரியவரிடம் நியாயத்தைக் கேட்டாள்.

“ஐயா, நான்தான் உரிமையாளர். என்னை முன்னால விடச் சொல்லுங்களேன்.”

“எல்லாரும் அதைத்தான்மா சொல்றாங்க” என்றார் அவர் அலுப்போடு. “எனக்கு முன்னால நின்னவரும் சொன்னார்.”

“உங்களுக்கு முன்னால நிக்கிறது நான்தான்.”

“அதான் சொல்றேன்.”

வாசலிலிருந்து ஒரு செய்தி வரிசை வழியாக ஆள் ஆளாகக் கைமாறி வந்தது. அவளை அடையும்போது அது களைத்திருந்தது. உரிமையாளர் உள்ளே இல்லையாம். டோக்கன் கொடுக்கிற அம்மா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாராம். நாற்காலி காலியாம்.

“பொறுப்பில்லாத பொம்பளை” என்றார் பெரியவர். “ஊரையே நிக்க வெச்சிட்டு எங்க போய்த் தொலைஞ்சாளோ.”

பொற்கலை யோசித்துப் பார்த்தாள். அவர் சொன்னதில் தவறு எதுவும் தெரியவில்லை. வரிசையை விட்டு ஓடி வீட்டுக்குள் போய் உட்காரலாம். உட்கார்ந்தால் அவள் தாளுக்காக வெளியே நின்று கேட்க ஆளில்லை. பக்கத்தில் யாரிடமாவது சரிபார்க்கலாம் என்று திரும்பினாள். பெரியவர் மட்டுமே இருந்தார்.

“எப்ப வருவாளாம்?” என்று அவர் கேட்டார்.

“வந்துடுவாங்க. எங்கயோ வரிசையில மாட்டிக்கிட்டாங்க போல.”

பொழுது சாய்ந்தது. தெருவின் மறுபக்கத்தில் ‘இன்னொரு வாய்’ போய்க்கொண்டிருந்தது. சிவப்பு மையில், கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து, அவள் எழுதியிருந்தபடியே இருந்தது. கையில் ஒரு மஞ்சப்பை. அது அவளைப் பார்த்து நின்றது. கூப்பிட்டால் வந்துவிடும்போல நின்றது.

“தெரிஞ்சவங்களா?” என்றார் பெரியவர். “கூப்பிடும்மா. உன் இடத்தை நான் பாத்துக்கறேன்.”

பொற்கலை வாயைத் திறந்தாள். திறந்தபடியே நின்றது.

பெயர் கொஞ்ச நேரம் காத்திருந்தது. பிறகு பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு நிழற்குடையை நோக்கி நடந்தது.

வாய் தானாக மூடிக்கொண்டது. முன்னால் யாரோ சலித்துப்போய்க் கிளம்பியிருக்க வேண்டும். வரிசை ஓரடி நகர்ந்தது. பொற்கலையும் ஓரடி நகர்ந்தாள்.