துரைக்கண்ணு எரித்த ரோஜா

1966ஆம் ஆண்டு தை மாதம், ஒரு புதன்கிழமை காலை. சிங்கவரம் சாலையோரத் தோட்டத்துக்குள் நுழைந்த ஜானகி, ரோஜாச்செடி நின்ற இடத்தில் சாம்பலைப் பார்த்தாள். வேறு தோட்டத்துக்குள் வந்துவிட்டோமோ என்றுதான் முதலில் நினைத்தாள். கிணறு அதே கிணறுதான். இடிந்த சுவரும் அதேதான். அந்தச் சுவர்மேல் ஆள் உயரத்துக்குச் சாய்ந்திருந்த செடியை மட்டும் காணவில்லை.

ஜானகி செஞ்சியில் பெண்கள் பள்ளியின் அறிவியல் ஆசிரியை. கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருப்பவரின் மகள். ஒரு வருஷம் முன்பு இலை சேகரிக்க மாணவிகளைக் கூட்டிவந்தபோது அந்தச் செடியைக் கண்டாள். பன்னீர் ரோஜா இல்லை அது. காலையில் வெளிர் சிவப்பாக விரிந்து, மத்தியானத்துக்குள் ஓரமெல்லாம் வெளுத்துவிடும். முகர்ந்தால் தேயிலைப் பெட்டியைத் திறந்த மாதிரி இருக்கும். ஒரு காலத்தில் வெள்ளைக்காரர் ஒருவரின் பங்களா இருந்த இடம். இரண்டு தலைமுறையாகத் துரைக்கண்ணுவின் குடும்பம் அங்கே மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போட்டு வந்தது. செடியின் பெயர் என்ன என்று அவரைக் கேட்டால், ரோஜா என்பார், அவ்வளவுதான்.

புத்தகங்களில் தேடிச் சலித்தவள், பூவையும் இலையையும் காகிதத்தில் அழுத்திக் காயவைத்து, கோயம்புத்தூரில் தாவரவியல் பேராசிரியராக இருந்த அரங்கநாதனுக்கு அனுப்பினாள். இந்த வாரம் திங்கட்கிழமை பதில் வந்தது. தன்னிடமுள்ள எந்தப் பட்டியலிலும் இந்த ரோஜா இல்லை, வேறெங்கும் அழிந்துபோன வகையாக இருக்கலாம், வியாழக்கிழமை நேரில் வருகிறேன், அதுவரை பாதுகாக்கவும் என்று எழுதியிருந்தார். சந்தோஷம் தாங்காமல், பஸ் ஸ்டாண்டில் எதிர்ப்பட்ட துரைக்கண்ணுவின் மனைவி ரத்தினம்மாளிடம் அதைச் சொன்னாள்.

இப்போது துரைக்கண்ணு வரப்பிலிருந்து மெல்ல வந்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“யாருண்ணே இப்படிப் பண்ணது?”

“நான்தாம்மா. நேத்து வெட்டிக் கொளுத்திட்டேன்.”

ஜானகிக்குக் காதில் விழுந்தது, புரியவில்லை. கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏன் என்று கேட்டாள்.

“நீங்கதான சொன்னீங்க, ஆபீசர் வராரு, பாதுகாக்கணும்னு எழுதியிருக்காருன்னு. கோட்டைக்கிட்ட போர்டுல அதான எழுதியிருக்குது? பாதுகாக்கப்பட்ட எடம்னு. எனக்குப் பட்டா கிடையாது. செடி இருந்தா எடம் போயிடும்னு நெனச்சேன்.”

கடிதத்திலிருந்த சொல்லை அப்படியே ரத்தினம்மாளிடம் சொன்னது அவளுக்கு நினைவுக்கு வந்தது. இத்தனை நாள் தேடியதை, தன் வாயாலேயே சாம்பலாக்கிவிட்டாளா? அழுகைகூட வரவில்லை. வருகிறவர் பூவின் பெயரைக் கண்டுபிடிக்கிற வாத்தியார்தான், இடத்தைப் பிடுங்குகிற அதிகாரி இல்லை என்று மெதுவாகச் சொன்னாள்.

துரைக்கண்ணு அப்படியே சாம்பல் பக்கத்தில் குந்திவிட்டார். “எங்கம்மா தண்ணி ஊத்துன செடிம்மா அது” என்றார்.

மறுநாள் வந்த அரங்கநாதன் கோபப்படவில்லை. கருகிய கட்டையைச் சுற்றிக் கையாலேயே மண்ணை விலக்கி, வேரை நகத்தால் கீறிப் பார்த்தார். உள்ளே ஈரம் இருந்தது. ஒட்டுச்செடி என்றால் அடியிலுள்ள காட்டு ரோஜாதான் முளைக்கும். சொந்த வேரில் நின்ற செடி என்றால் அதே ரோஜா திரும்பி வரும், எது என்பதைப் பூத்தால்தான் சொல்ல முடியும் என்றார்.

சித்திரை வெயிலில் துரைக்கண்ணு தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றினார். முள்வேலியும் போட்டார். வைகாசியில் ஒரு சிவந்த துளிர் வந்தது. ஜானகி வாரம் தவறாமல் வந்து பார்த்தாள். ஒவ்வொரு முறையும், மறுபடி சாம்பல்தான் கிடக்குமோ என்ற பயத்தோடுதான் சுவரைத் தாண்டுவாள்.

கார்த்திகையில் மொட்டு விரிந்தது. வெளிர் சிவப்பு. மத்தியானம் வரை பக்கத்திலேயே நின்றாள், ஓரம் வெளுத்தது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. ரத்தினம்மாள் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அரங்கநாதன் மறுபடியும் வந்து, நான்கு கிளைகளில் பதியம் போடச் சொல்லிக்கொடுத்தார். அவற்றில் மூன்று வேர் பிடித்தன. ஒன்றைக் கோயம்புத்தூருக்கும் ஒன்றை ஊட்டித் தாவரவியல் பூங்காவுக்கும் எடுத்துப்போவதாக இருந்தார். பெயர் மட்டும் கிடைக்கவில்லை. தம் குறிப்பேட்டில் “பெயர் தெரியாதது, செஞ்சி” என்று எழுதிக்கொண்டார்.

மூன்றாவதைத் தோட்டத்திலேயே வைத்துவிடலாமா என்று ஜானகி கேட்டாள்.

“இங்க வேணாம்மா, ஒங்க வூட்டுக்கு எடுத்துக்கினு போங்க” என்றார் துரைக்கண்ணு. “ஒரே ஆளுகிட்ட இருக்கக் கூடாது.”