பூவரசம் பலகை

மதுவிலக்கைத் தளர்த்திய மறு வருஷம், ஆவடியில் ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்ற பெரேரா, குமணன்சாவடி ஆசாரி கலியமூர்த்தியைக் கூப்பிட்டனுப்பினார். அவர் மனைவி வீட்டிலேயே திராட்சை ஒயின் போடுவாள். பாட்டில்களைப் படுக்க வைக்க ஒரு ஸ்டாண்டு வேண்டும்.

"வாசனை அடிக்கிற மரம் வேணாம்ப்பா. ரூம் ஈரமா இருக்கும், பூச்சி அரிக்கவும் கூடாது" என்றார்.

மாமரம் சீக்கிரம் உளுத்துவிடும். வேம்பு வாடை விடும். பூவரசுதான் சரி என்று கலியமூர்த்திக்குப் பட்டது. காய்ந்த பூவரசு யாரிடம் இருக்கிறது என்றும் தெரியும். அங்கே போகத்தான் கால் வரவில்லை.

புயலில் சாய்ந்த பூவரசை அறுத்து, பாரிவாக்கத்தில் வேம்புலியம்மாள் தன் கொல்லையில் பலகையாக அடுக்கியிருந்தாள். அவள் புருஷன் நாகப்பன் கலியமூர்த்தியோடு ஒரே பட்டறையில் வேலை செய்தவன். சாராயம் கிடைக்காத ஒருநாள், மரத்துக்கு அடிக்கிற, ஸ்பிரிட் கலந்த பாலிஷைக் குடித்துச் செத்தான். அன்று பாலிஷ் டின்னை உள்ளே வைத்துப் பூட்டாமல் போனவன் கலியமூர்த்தி. அவள் அதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை.

"எதுக்கு அண்ணாத்தே பலகை?"

"பொஸ்தகம் வெக்கிற அலமாரிக்கு." வாயில் தானாக வந்துவிட்டது.

"நல்லதாப் போச்சு. படிக்கிறவங்க ஊட்ல இருக்கட்டும். எடுத்துகினு போ."

வண்டியில் ஏற்றும்போது அவளும் ஒரு முனையைப் பிடித்தாள். அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பூந்தமல்லி சந்தைக்கு வந்தவள் ஒருநாள் பட்டறைக்குள் எட்டிப் பார்த்தாள். பலகைகளில் வரிசையாக அரைவட்டப் பள்ளங்கள்.

"இன்னா அண்ணாத்தே இது? பொஸ்தகம் உருண்டையாவா கீது?"

உளியைக் கீழே வைத்தான். "பாட்டில் வெக்க, வேம்புலி. ஒயினு பாட்டில்."

அவள் பள்ளத்தை விரலால் தடவினாள். "நெசத்த சொல்லியிருந்தா குடுத்திருக்க மாட்டேன்."

"தெரியும். அதான் சொல்லல. அன்னிக்கு டின்ன பூட்டாம போனதும் நான்தான்."

"அது எனக்குத் தெரியும். பூட்டியிருந்தாலும் ஒடச்சிருப்பான். அந்தப் பழிய உம்மேல நான் வெச்சதே இல்ல. இத வெக்கிறேன்."

கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பெரேராவிடம் அவகாசம் கேட்டு, திட்டும் வாங்கிக்கொண்டு, அம்பத்தூர் மரக்கடையில் வாகை வாங்கி வேறு ஸ்டாண்டு செய்து கொடுத்தான். பூவரசம் பலகைகளைப் பாரிவாக்கம் கொண்டுபோய் இருந்த இடத்திலேயே அடுக்கினான். கதவு திறக்கவில்லை.

ஐப்பசி மழை பிடித்ததும் மனசு கேட்காமல் மறுபடி போனான். பலகைகள் அப்படியே நனைந்து கிடந்தன. அவள் அடுப்புக்கும் வைக்கவில்லை, உள்ளேயும் எடுக்கவில்லை. கொண்டுபோன தார்ப்பாயைப் போர்த்தி, மேலே கல் வைத்தான்.

பின்வாசலில் வேம்புலியம்மாள் நின்றிருந்தாள்.

"மழ வலுக்குது. போ" என்றாள்.

வேறு ஏதாவது சொல்வாளோ என்று கொஞ்சம் நின்றான். அவள் உள்ளே போய்விட்டாள். நனைந்துகொண்டே ரோட்டுக்கு வந்தான்.