ஏழாம் எலியின் நெஞ்சு

மீன் எண்ணெய்த் தீனி தின்னும் கூண்டில் இருந்த ஏழாம் எலியின் இதயத்தில், அதை வளர்த்த ஆராய்ச்சிக்காரியின் கணவர் தின்ற கேக்கின் கொழுப்பு படிந்துகொண்டிருந்தது. வெண்ணெய் தின்ற எலிகளின் இதயத்தைச் சுற்றிக் கொழுப்பு ஏறுவதும், மீன் எண்ணெய் தின்றவற்றுக்கு ஏறாமலிருப்பதும் ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் எதிர்பார்த்ததுதான். ஏழாம் எலி மட்டும் வாயைக் கட்டி வாழ்ந்தும் மூச்சு வாங்கியது.

கணவர் கார் ஓட்டச் சொல்லித் தருபவர். உட்கார்ந்த வேலை. வண்டியை நிறுத்தும் பாடத்தை மட்டும் எப்போதும் பேக்கரி வாசலில்தான் நடத்துவார். மனைவி கெஞ்சியும் பார்த்தாள், பேசாமல் இருந்தும் பார்த்தாள். இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டார். மருத்துவர் ஸ்கேன் படம் எடுத்துப் பார்த்து, இதயம் பச்சைப்பிள்ளையுடையது போல் இருக்கிறது என்று சொல்லிவிட்டதிலிருந்து அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. அவர் சட்டையில் க்ரீம் ஒட்டியிருந்த நாளுக்கு மறுநாளெல்லாம் எலியின் ஸ்கேன் படத்தில் ஒரு கொழுப்புப் படலம் கூடியது. அவர் காய்ச்சலில் வெந்நீர் குடித்துக் கிடந்த வாரம் எலி துள்ளி விளையாடியது. அவளுக்கு விளங்கிவிட்டது.

ஆய்வின் முடிவில் எலிகளை அறுத்து இதயங்களை எடை போட வேண்டும். ஏழாம் எலி செத்தால் அத்தனை கொழுப்பும் உரியவரிடமே வந்து சேருமே என்று அவள் பயந்தாள். துறைத் தலைவரிடம் போய் உள்ளதை உள்ளபடி சொன்னாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப அது நம்ம எலி இல்லம்மா, உங்க வீட்டுக்காரரோட எலி. ஆய்வுல சேத்துக்க முடியாது. வீட்டுக்குக் கொண்டு போயிடுங்க."

கூண்டைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, அவள் கணவரிடம் விஷயத்தைச் சொன்னாள். தன் பயத்தை மட்டும் சொல்லவில்லை. அவர் குனிந்து, எலி மூச்சுக்குத் திணறுவதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் முதல் வண்டி நிறுத்தும் பாடம் தபால் நிலையத்துக்கு எதிரே நடந்தது. எலி மெல்லத் தேறியது. எலிகளுக்கு உண்டான ஆயுளைத் தாண்டியும் அது தன்பாட்டுக்கு இருந்தது. தெருவில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு மகிழ்ச்சிதான். பொறாமையும் இருந்தது.

"இத்தனை வருஷமா நான் தலைகீழா நின்னு சொன்னேன், கேக்கல. ஒரு எலிக்காக விட்டுட்டீங்களே?"

"நீ சொன்னப்ப அது என் நெஞ்சு," என்றார் அவர், கூண்டுக்குள் விரலை நீட்டியபடி. "இது பாவம், அதோட நெஞ்சு."

அதற்கப்புறம் இந்த மனிதரிடம் எங்கே கோபித்துக்கொள்வது? அவருக்கு வேகவைத்த காயும், எலிக்கு மீன் எண்ணெய்த் தீனியும் எடுத்து வைத்தாள். இரண்டு பேரும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்கள்.