திரைக்கு வெளியே அம்மன்

மாலை நாலரை மணிக்கும் அம்மன் சேலையில்லாமல்தான் நின்றாள்.

கண்ணாடிப் பெட்டி பூட்டியாகிவிட்டது. அடுத்த பெட்டியில், சாய்ந்த பலகையொன்றில், அவளுடைய சிவப்புப் பட்டு தனியாக விரித்துக் கிடந்தது. பூச்சி இருக்கலாம் என்று அதை உறைகுளிர்ப் பெட்டியில் வைத்து எடுத்திருந்தார்கள். ஜெர்மனியின் எசன் நகரில் இருந்த அந்த அருங்காட்சியகத்துக்கு வரும் எந்தத் துணிக்கும் அதுதான் வழமை.

யதுசா அங்கே உதவிப் பொறுப்பாளர். எதை வைப்பது, எப்படி வைப்பது என்று தீர்மானிப்பவள் ஜெசிகா. இன்னும் சற்று நேரத்தில் கண்காட்சி திறக்கும். பக்கத்து நகரான டோர்ட்மண்டிலிருந்து அம்மனின் கோயில் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

கோயிலில் திருத்த வேலை. அதற்காக ஐயர் அம்மனின் சக்தியை ஒரு கும்பத்துக்கு மாற்றியிருந்தார். வேலை முடியும்வரை பூசை கும்பத்துக்குத்தான். அந்த இடைவெளியில்தான் யதுசா வெண்கல அம்மனை இரவல் கேட்டாள். நிர்வாகசபை மறுத்தது. இராஜேஸ்வரி அக்காதான் எழுந்து பேசினார். அம்மனுக்கு உடுப்புத் தைப்பவர் அவர். யதுசா எங்கட பிள்ளை, அம்மனை எப்படி வைக்கவேண்டும் என்று அவளுக்குத் தெரியும் என்றார். சபை இறங்கி வந்தது. வாகனத்தில் ஏற்றும்போது தலைவர் கணேசலிங்கம் சிரித்தார்.

"நாங்கள் இந்த நாட்டில எந்தக் கந்தோருக்கும் நாள் கேட்டு, டெர்மீன் எடுத்து, லைனில நிண்டனாங்கள். அம்மன் நேர உள்ள போறா."

முதலில் ஜெசிகாவுக்கும் தயக்கம் இருந்தது. பூசையில் இருக்கும் தெய்வத்தைக் கண்ணாடிக்குள் வைக்க மாட்டேன் என்றாள். அந்தத் தயக்கத்தைப் போக்கத்தான் யதுசா கும்பத்தைப் பற்றி விளக்கினாள். படம் கீறியும் காட்டினாள். சக்தி இப்போது சிலையில் இல்லை என்றாள். ஜெசிகா கவனமாகக் கேட்டாள்.

இன்று காலை, சேலை உடுத்தவேண்டும் என்று யதுசா சொன்னபோது ஜெசிகா, கும்பத்தைப் பற்றி அவள் சொன்னதையே திருப்பிச் சொன்னாள். கேலி இல்லை. சக்தி கும்பத்தில் இருக்கிறதென்றால் இது வெண்கலம். வார்த்தவனின் கை தோளிலும் இடுப்பிலும் தெரிகிறது. அதை மூடுவது அவனுக்குச் செய்யும் அநியாயம். பட்டும் அழகு, அதையும் காட்டுகிறோம்.

வாதாடுவதென்றால் யதுசா தன் சொல்லையே மறுக்கவேண்டியிருந்தது. அக்காவுக்கு ஃபோன் எடுக்க நினைத்தாள். எடுக்கவில்லை.

கோயில் ஆட்களில் அக்காதான் முதலில் மேலே வந்தார். கையில் பூமாலைப் பை. பெட்டிக்கு முன்னால் நின்றார். நிமிர்ந்து பார்த்தார். உடனே தலையைக் குனிந்துகொண்டார்.

"இவ்வளவு வருசமா உடுப்புத் தைக்கிறன்," என்றார். "ஐயர் திரையை மூடிப்போட்டுத்தான் அதை அம்மனுக்குச் சாத்துவார். நான் ஒருநாளும் இப்பிடிப் பாத்ததில்லை."

அம்மன் கும்பத்தில்தானே இருக்கிறா என்று யதுசா தொடங்கினாள்.

"சக்தி கும்பத்தில. உடம்பு இஞ்சதானே, பிள்ளை."

பையை நிலத்தில் வைத்தார். தோளிலிருந்த கம்பளிச் சால்வையை எடுத்துப் பெட்டியின் மேல் போட்டார். முன்பக்கக் கண்ணாடி மறைந்தது. திறப்புக்கு முன்கூட்டியே வந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ கைபேசியை உயர்த்தினார்கள். காவலாளி வந்தான். சால்வையைத் தொடாமல் ஜெசிகாவைப் பார்த்தான்.

ஜெசிகா யதுசாவின் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் ஜெர்மனில் பேசினாள். காவலாளி எடுத்தால் அவமதிப்பாக இருக்கும். நீ அவர்களில் ஒருத்தி. நீயே எடுத்தால் யாருக்கும் நோகாது.

அக்காவுக்கு ஜெர்மன் விளங்கும். அவர் விலகி வழி விட்டார்.

யதுசா ஓரடி வைத்தாள். சால்வையில் அக்காவின் வீட்டுச் சாம்பிராணி மணத்தது.

"கணேசலிங்கம் அண்ணை கீழ காரை நிப்பாட்டுறார், இப்ப வந்திடுவார்," என்றார் அக்கா. "மூடின சால்வையை ஆர் எடுத்தது எண்டு கேட்டால் நான் என்ன சொல்லுறது? மியூசியத்து ஆக்கள் எடுத்தவை எண்டோ, எங்கட பிள்ளை எடுத்தவள் எண்டோ?"